ஓலையின் அடிப்பக்கம்

பிப்ரவரி 18, 2024

வாழை இலையைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. தென்னைக்கு ஊடே நட்ட நேந்திரன் முழுவதும் அடுப்புக்கரி பூசியது போல் நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தென்னையின் கீழ்வரிசை மட்டைகளும் கறுத்துவிட்டன. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும்; அது கழிக்கிற இனிப்புப் பிசின் கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். 2016இல் இந்தியாவில் இந்த ஈ முதன்முதலாகத் தென்பட்டதே எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். அன்றிலிருந்து வருவதும் தணிவதுமாக இருந்தது, இந்த மாசியில் என் நான்கு ஏக்கரிலும் ஏறிவிட்டது.

கறுத்த மட்டையைப் படமெடுத்துத் தென்னை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் 23 பதில்கள், அவற்றில் ஒன்பது விதமான மருந்துகள். ஒருவர் வேரில் கட்டச் சொல்கிறார், ஒருவர் விசைத்தெளிப்பானால் உச்சி வரை அடிக்கச் சொல்கிறார். மூன்று பேர் ஒரே யூடியூப் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அதன் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. ஐந்து கைக்கு மேல் மாறிய செய்திக்குத்தான் அந்தக் குறி விழும். பதினொரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தேன். எந்த ஊர், எந்த மாதம், மரத்துக்கு எத்தனை வயது என்று அதில் ஒரு சொல் இல்லை. கடைசி இரண்டு நிமிடம் ஒரு புட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

ஓலையின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள் என்று அந்த 23 பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 20

மேற்குத் தோட்டத்து மாமாவிடம் போனேன். போன ஆண்டு அவர் மருந்து அடித்தவர். குழுவில் அன்று படம்கூடப் போட்டிருந்தார். டிராக்டரில் தொட்டி, குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள், நல்ல கம்பீரமான படம். அதன் பிறகு என்ன ஆனது என்று கேட்டேன்.

"இரண்டு வாரம் ஈயைக் காணோம், அம்மணி. மூன்றாவது வாரத்திலிருந்து முன்னைவிட அதிகம்."

"அதைக் குழுவில் சொல்லவே இல்லையே, மாமா?"

"தோற்றதை எவன் படம் எடுத்துப் போடுவான்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைவு. மாமா அடித்த படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அதையே செய்தார்களோ! மூன்றாவது வாரம் அவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் எத்தனையோ முறை கேள்வி கேட்டு, பதில் வாங்கி, செய்து பார்த்து, முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 23

மூன்று மட்டைகளிலிருந்து கீற்றுகளை வெட்டித் தாளில் சுற்றிக்கொண்டு ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வந்தேன். அங்கிருந்தவர் லென்ஸை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

வெள்ளை மெழுகுச் சுருள்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செதில்கள். அவைதான் ஈயின் இளம் பருவம். அவற்றில் சில மட்டும் கறுத்திருந்தன. கறுத்தவை நம் பக்கத்து ஆட்கள் என்றார். என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அந்தச் செதிலுக்குள் முட்டை வைக்கிறது. குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வருகிறது. ஈ தானே வெளிவந்திருந்தால் கூடு ஆங்கில 'T' எழுத்துப் போலப் பிளந்திருக்கும். ஓட்டையைப் பார்த்தே யார் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாம்!

மருந்து அடித்தால் இந்தக் குளவியும் சாகிறது. ஈ திரும்பி வந்துவிடும், குளவி அத்தனை சீக்கிரம் வராது. மாமாவின் மூன்றாவது வாரம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

செய்ய வேண்டியவை: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுத்தாள், ஐந்தடி நீளம் ஒன்றரை அடி அகலத்தில், ஏக்கருக்கு எட்டு. ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை. மருந்து வேண்டாம்.

மார்ச் 2

மகன் 200 ரூபாய்க்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்தான், கைப்பேசியின் கேமராவில் கவ்விக்கொள்கிறது. காலை வெயிலில், கீற்றைக் கறுப்புத் துணிமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் செதில் தெளிவாக விழுகிறது. 50 செதில்களை எண்ணினேன். 11 கறுப்பு.

ஊர், தேதி, மரத்தின் வயது, எண்ணிக்கை எல்லாம் எழுதிப் படத்தோடு குழுவில் போட்டேன். மருந்து அடிக்கப் போவதில்லை, நாற்பது நாள் கழித்து இதே மரங்களை மறுபடி எண்ணிச் சொல்கிறேன் என்றும் எழுதினேன். நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவ்வளவுதான். அன்று மாலை வந்த புட்டி வீடியோவுக்கு எழுபதுக்கு மேல். வயிறு எரிந்தது. பொறுத்திருங்கள் என்று சொல்கிற செய்தியை யாரும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை.

மார்ச் 9

மைதா பெரும்பாடு. கட்டி கட்டியாகத் திரண்டு தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. அரை நாள் கூலி வீண். புலம்பலாகக் குழுவில் எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு உடுமலைப் பக்கத்து அக்கா ஒருவரிடமிருந்து குரல் பதிவு. முன்பின் பேசியதில்லை. "மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டு. ஆறினதும் பழைய சேலைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டு. வெயில் நன்றாக இருக்கிற நாளில் அடி, காய்ந்தால்தான் செதிலாக உரியும்." பின்னணியில் மாடு கத்துகிறது. ஒரு நிமிடம்கூட இல்லாத அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன்.

மார்ச் 12

உரிந்தது! கறுப்பு அப்பளம் அப்பளமாகக் கீழே விழுந்து, அடியில் பச்சை தெரிகிறது. முதலில் அந்த அக்காவுக்குப் படம் அனுப்பினேன், பிறகு குழுவுக்கு.

மார்ச் 19

இன்று காய் வெட்டு. எங்களுக்கு மரம் ஏறும் தம்பி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கறுத்த செதிலை நான் ஓடைப்பக்கத்துத் தோப்பில் நிறையப் பார்த்திருக்கிறேனே" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். மாதம் பதினைந்து தோப்பு ஏறுகிறவர். தோட்டக்காரர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கொண்டையை அவர் கையால் தொட்டுப் பார்க்கிறார். எங்கள் குழுவில் அவர் இல்லை.

சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சொந்த நிலம் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கோபம் வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. மருந்துப் புட்டி விற்கிறவர் நம் குழுவில் இருக்கலாம், நம் மரத்தில் ஏறுகிறவர் இருக்கக் கூடாதா என்று எழுதினேன். மாமா மட்டும் "சரியான கேள்வி" என்று குரல் கொடுத்தார்.

மார்ச் 22

சேர்த்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6

தம்பி எழுதுவதில்லை. படமும் குரலும்தான். ஓடைப்பக்கத்துத் தோப்பில் இரண்டு ஆண்டாக யாரும் மருந்து அடிக்கவில்லையாம், அங்கே கீற்றெல்லாம் கறுத்த செதில்கள். பெருஞ்சாலை ஓரத் தோப்பில் ஒன்றுகூட இல்லை. அவர் படங்கள் வரத் தொடங்கிய பிறகு குழுவில் கேள்வி மாறியிருக்கிறது. "எத்தனை கறுப்பு?" என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டார்கள். புட்டி வீடியோவும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஏப்ரல் 14, சித்திரை 1

நாற்பது நாள் தாண்டிவிட்டது. கனி கண்டு, கோயிலுக்குப் போய் வந்து, அதே மரங்களில் எண்ணினேன். ஐம்பதுக்கு 31 கறுப்பு. புதிதாக வந்த மட்டைகளில் ஈ குறைவு. ஆனால் கிழக்கு வரப்பு ஓரம் 12 மரங்கள் தேறவில்லை. அங்கே மஞ்சள் தாளில் இரண்டு வாரம் எண்ணெய் தடவாமல் விட்டுவிட்டேன், தாள் முழுக்கத் தூசி. அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த 12 மரங்களின் படத்தையும் சேர்த்தே போட்டேன்.

மதியத்துக்குள் இரண்டு பேர் தங்கள் எண்ணிக்கையைப் போட்டார்கள். ஒருவருக்கு ஐம்பதில் நான்குதான். ஆனாலும் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 15

காலையில் தம்பி மாமாவின் மரங்களில் ஏறினார். என் தோப்பிலிருந்து வெட்டிய கீற்றுகள், கறுத்தும் இன்னும் ஓட்டை விழாத செதில்களாகப் பார்த்துப் பொறுக்கியவை, பத்து மரத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு வந்தார். மாமா கீழே நின்று ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பு அடையாளம் வைத்தார்.

சற்று முன் குழுவில் அவர் குரல் வந்தது. "மேற்குத் தோட்டம், ஆனைமலை வட்டாரம். சித்திரை இரண்டு. ஐம்பதுக்கு இரண்டு கறுப்பு. போன ஆண்டு மருந்து அடித்த தோப்பு. மூன்றாவது வாரமே ஈ திரும்பி வந்துவிட்டது, அப்போது நான் சொல்லவில்லை. வைகாசிக் கடைசியில் மறுபடி எண்ணிச் சொல்கிறேன்."