காலைக் கீழே வைக்காதே

என் டிரைக்கின், அதாவது மூன்று சக்கர மோட்டார் பைக்கின், மீட்டருக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது. "காலைக் கீழே வைக்காதே" என்று தமிழில் எழுதி நானே ஒட்டினேன். இருபது வருடம் இரண்டு சக்கரத்தில் ஓட்டியவனுக்கு வண்டி நிற்கப்போகிறது என்றாலே கால் தானாகத் தரைக்குப் போகும். டிரைக்கில் அப்படிப் போனால், வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும் அந்த ஒரு நொடியில் பின் சக்கரம் குதிகால் மேல் ஏறிவிடும். நாம் கால் ஊன்றும் இடத்துக்கு நேர் பின்னால்தான் அது வருகிறது. என் இடது காலை டாக்டர்கள் ஒரு முறை காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அது போதும்.

2021 அக்டோபர். வட கரோலினாவில், சார்லட்டுக்கு வெளியே ஒரு சிக்னல். எனக்குப் பச்சை. எதிரே நின்ற பிக்கப் டிரக் என்னைக் கவனிக்காமல் இடது பக்கம் திரும்பிக் குறுக்கே வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து கணுக்கால் நொறுங்கியது. நான்கு ஆபரேஷனுக்குப் பிறகு கணுக்கால் மூட்டையே ஸ்க்ரூ போட்டு இணைத்துவிட்டார்கள். வலி போய்விட்டது, அதோடு அசைவும் போய்விட்டது. பாதம் இப்போது ஒரே கோணத்தில்தான் நிற்கும். கியரை ஏற்றுவதற்கு லீவருக்கு அடியில் விரலை நுழைத்துத் தூக்க வேண்டும் அல்லவா, அந்த ஒரு சின்ன வேலையை இந்தக் கால் இனிச் செய்யாது. 380 கிலோ வண்டியைச் சாயாமல் தாங்கவும் செய்யாது.

அதனால்தான் டிரைக்குக்கு மாற முடிவு செய்தேன். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் அதைப் போனில் சொன்னபோது "இன்னுமாப்பா வண்டி?" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம தெருவுல ஒருத்தர் ஸ்கூட்டர்ல ரெண்டு பக்கமும் சக்கரம் போட்டு ஓட்டுவாரே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். அதே மாதிரிதாம்மா என்றேன். உண்மையில் யோசனை அதேதான்.

ஹார்லியின் ட்ரை கிளைடு தொழிற்சாலையிலேயே டிரைக்காகச் செய்யப்பட்ட வண்டி, ஆனால் நான் பார்த்ததில் கிளட்சும் கால் கியரும் இருந்தன. கேன்-ஆம் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், கிளட்ச் இல்லாத மாடலும் உண்டு, நல்ல வண்டி. எனக்கு ஹோண்டாவின் கோல்ட் விங் பழகிய வண்டி, அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் சத்தத்தை விட மனமில்லை. 2018இல் வந்த புதிய கோல்ட் விங்கில் தானாகவே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கிடைக்கிறது. கிளட்ச் லீவர் இல்லை, கால் கியர் இல்லை, வேண்டுமென்றால் இடது கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக் கியரை மாற்றலாம். ரிவர்ஸும் உண்டு. பழைய 2019 மாடல் ஒன்றை வாங்கி, டிரைக்காக மாற்றும் பட்டறையில் விட்டேன். மாற்றுவதற்கே பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும், இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனா, ஒரே அச்சா என்று கேட்பார்கள். முதுகும் காலும் அடிபட்டவர்கள் தயவுசெய்து முதலாவதை எடுங்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது இடது கால் வைக்கும் பலகைதான். கம்பெனி கொடுத்த ஃபுட்பெக்கில் வைத்தால், பாதம் மடங்காததால் குதிகால் அந்தரத்தில் தொங்கும், அரை மணி நேரத்தில் முழங்கால் வரை வலி ஏறும். பட்டறை மெக்கானிக் என்னை பூட்ஸோடு வண்டியில் உட்காரவைத்து, அட்டையை வெட்டி வெட்டிக் காலுக்கடியில் வைத்துப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, கால் தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே விட்டேன். அந்தச் சாய்வில் அலுமினியப் பலகை செய்து பொருத்தினார். இரண்டாவது முறை வந்து இன்னும் ஒரு இஞ்ச் முன்னால் தள்ளினோம். குரோம், விளக்கு எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உடம்பு எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

ஏறுவதும் அப்படித்தான். வழக்கமாக இடது காலில் நின்று வலது காலைத் தூக்கிப் போடுவோம். எனக்கு அது முடியாது. டிரைக் சாய்ந்து நிற்பதில்லை, அதனால் வலது பக்கத்திலிருந்தே ஏறுகிறேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஒருநாள் கராஜில் தனியாக நின்று யோசித்தபோது தோன்றியது, அன்று அழுதுவிட்டேன்.

ஓட்டுவது வேறு கதை. இரண்டு சக்கரத்தில் வலது பக்கம் போக வலது கைப்பிடியை முன்னால் தள்ளுவோம், வண்டி சாய்ந்து திரும்பும். டிரைக்கில் அப்படித் தள்ளினால் இடது பக்கம் போய்விடும். வண்டி சாயாது, வளைவில் உடம்பை வெளிப்பக்கம் இழுக்கும், அதனால் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷனின் மூன்று சக்கரப் பயிற்சிக்குப் போனேன், பழைய ஓட்டுநர்கள்தான் அங்கே அதிகம் தடுமாறினோம். கைப்பிடி கனமாக இருந்ததால் அப்புறம் ரேக் கிட் போட்டேன். அது முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றும், கைக்கு நன்றாகவே இலகுவானது. பார்க்கிங் பிரேக்கையும் மறக்கக்கூடாது. இந்த கியர்பாக்ஸில் எஞ்சினை அணைத்தால் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும், கியரில் போட்டு நிறுத்த வழியில்லை, சரிவில் விட்டால் உருண்டுவிடும்.

மனைவி விபத்துக்குப் பிறகு இரண்டு வருடம் பின்னால் ஏறவே இல்லை. போன மாதம்தான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வசந்தத்தில் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் போகலாம் என்று இருக்கிறோம். வட கரோலினாவின் செரோகியில் தொடங்கி வர்ஜீனியா வரை 469 மைல், பெரும்பாலும் 45 மைல் வேகம்தான், என் காலுக்கும் அவள் பயத்துக்கும் அது சரியாக இருக்கும். கைத்தடியைச் செருகிவைக்க ஒரு கிளிப் மட்டும் பாக்கி. இப்போது இருப்பது மேட்டில் ஏறினால் சத்தம் போடுகிறது, இந்தச் சனிக்கிழமை ரப்பர் வைத்துப் பார்க்கப்போகிறேன்.