பன்னிரண்டு வயது சிட்டியின் கைமாற்றம்

2 ஜூன் 2024, ஞாயிறு, அல்சூர், பெங்களூரு

2012-இல் வாங்கிய பெட்ரோல் ஹோண்டா சிட்டியைத் தரகர் இல்லாமல் நேரடியாக விற்பதென்று வீட்டில் முடிவாயிற்று. பழைய கார் வாங்கும் நிறுவனம் ஒன்றின் ஆள் நேற்று வந்து, மாடல் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் கைப்பேசியில் தட்டி ஒரு விலை சொன்னார். சர்வீஸ் பில்கள் அடங்கிய கோப்பை அவர் திறக்கவே இல்லை. பராமரிப்புக்கும் சேர்த்து விலை கிடைக்க வேண்டுமானால், அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் விற்க வேண்டும்.

5 ஜூன், புதன்

கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் பேரமே பேசாமல் கேட்டார். ஆனால் வண்டி மாநிலம் தாண்டினால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் சாலை வரியும் புதிதாகக் கட்ட வேண்டும் என்றதும் விலகிக்கொண்டார். மற்றவை பாதி விலைக்குக் கேட்ட அழைப்புகள்.

9 ஜூன், ஞாயிறு

கம்மனஹள்ளியிலிருந்து ஒருவர் மெக்கானிக்கோடு வந்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியும் என்பதால், தான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டவர், பானட்டில் கை வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைத் திருப்பச் சொன்னார். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் கார்கள் மூழ்கியதிலிருந்து, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்ற பயம் போகவில்லை. மெக்கானிக் சீட் பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை உண்டா என்று பார்த்தார், தரைவிரிப்பைத் தூக்கினார், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைத் தடவினார், பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடத்தைத் தேடினார். "தண்ணி பார்க்காத வண்டி சார், அடியும் வாங்கல" என்று அவரிடம் சொன்னார்.

அதன் பிறகுதான் கோப்பு திறந்தது. பில்களில் உள்ள கிலோமீட்டர் வரிசையாக ஏறி இன்றைய மீட்டரோடு பொருந்தியதை இருவரும் நிதானமாகச் சரிபார்த்தார்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். பின்பக்க ஷாக் அப்சார்பர்களை விரைவில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நானே சொல்லி, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டேன். 3,35,000 ரூபாய்க்கு முடிந்தது.

11 ஜூன், செவ்வாய்

ஒரு பகுதியை ரொக்கமாகத் தரலாமா என்று கேட்டார். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதமும் பணத்தைப் பெற்றுக்கொண்டவர் தலையில்தான் விழும். முழுத் தொகையும் வங்கி வழியாகவே வந்தது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு, ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் குறித்த ரசீதில் இருவரும் ஒப்பமிட்டோம். ஃபாஸ்டாக் கணக்கை உடனே மூடினேன்.

"பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், சார்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அதை அவரிடம் விட்டுவிட மனமில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரே தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. இருவரும் சேர்ந்தே அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்தோம்.

3 ஜூலை, புதன்

பதிவு அவர் பெயருக்கு மாறிவிட்டது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடியான என் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது என்பதால், வித்தியாசத் தொகையைக் கட்டி அவர் பாலிசியை மாற்றிக்கொண்டார். அந்தப் போனஸை அடுத்த காருக்குப் பயன்படுத்த எனக்குக் கிடைத்த கடிதம் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.