பதினாறு முடிஞ்ச பிறகு போங்க

சாவு வீட்டுல பதினாறாம் நாள் வரைக்கும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயமே கூடி நிற்கும். பதினேழாம் நாள்தான் அந்தக் குடும்பம் இருக்கிற காம்பரா, அதாவது லயத்து அறை, வெறிச்சோடிப்போகும். ஆறுதல் சொல்லப் போறவங்க அன்றைக்கும், பிறகு வாரத்துக்கு ஒரு தடவையும் போங்க.

அந்தி கொழுந்து நிறுத்து வந்து, வீட்டுக்காரங்க கைகால் கழுவின பிறகு போகணும். இரண்டு பேர் போதும். பத்துக்குப் பன்னிரண்டடி காம்பராவுல கூட்டமாகப் போனா அழக்கூட இடமிருக்காது. இஸ்தோப்புல (முன் திண்ணையில) உட்கார்ந்து, தர்ற பிளேன்டீயைக் குடிங்க. முதல் அரை மணி அவங்களே கதைக்கட்டும். இறந்தவர் பேரைச் சொல்லியே கதைங்க, பேரைத் தவிர்த்தா ஆளையே மறந்த மாதிரி வலிக்கும்.

"எல்லாம் கடவுள் சித்தம்", "போன பிறவி வினை" ரெண்டும் வேண்டவே வேண்டாம். கேட்கிறவங்களுக்கு அது தண்டனை மாதிரி விழும், அதோட வாய் மூடிரும். ஜெபமோ பதிகமோ, கேட்டுட்டு ஐந்து நிமிஷம். நோட்டீஸ் கொடுத்து சபைக்கு இழுக்கிறது ஊழியமே இல்ல.

இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), இ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) படிவம் நிரப்பக் கூட இருங்க. "நானும் போயிரலாம் போல"ன்னு சொன்னா, சாகத் தோணுதான்னு நேராகவே கேளுங்க. புல்லு மருந்து (களைக்கொல்லி) போத்தலை வீட்டை விட்டு அகற்றுங்க, தனியாக விடாதீங்க, இலங்கையோட தேசிய மனநல உதவி எண் 1926க்கு அங்கேயிருந்தே கோல் எடுங்க. இருபத்துநாலு மணிநேரமும் எடுக்கலாம்.