திரும்பி வராத தூக்குவாளி

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

பாம்பனில் இன்று திருவிழாக் கூட்டம். புது ரயில் பாலத்தைத் திறக்கப் பிரதமர் வந்ததால் போலீஸ் கெடுபிடி. நாங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தோம். நடுவில் இருக்கிற 72.5 மீட்டர் இரும்புத் துண்டு அப்படியே மேலே ஏறியது, அடியில் கப்பல் போனது. "1914-ல கட்டுனது ரெண்டு கையையும் விரிச்சு வழி விடும். இது தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார் அப்பா. அவருக்குப் பழைய பாலம்தான் பாலம். எனக்கு ரயில் வந்தால் போதும். 2022 டிசம்பரில் நின்ற சத்தம், ராத்திரியில் இனித் திரும்பக் கேட்கும்.

இதை எழுத ஆரம்பித்ததற்கு ஆபீஸ்தான் காரணம். போன வாரம் ஆன்லைனில் பயிற்சி கொடுத்த சென்னை மேடம், படுக்கும் முன் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் தினமும் எழுதச் சொன்னார். சரி என்று உட்கார்ந்தேன். ஒன்று, ரயில். இரண்டு, மாடிக் காற்று. மூன்றாவது வரவே இல்லை. கடைசியில் அம்மா வைத்த சூடைக் குழம்பு என்று எழுதி, அதை அம்மாவிடமே வாசித்துக் காட்டினேன்.

"திங்கும்போது உப்பு பத்தலன்னியே" என்றாள்.

13 ஏப்ரல், ஞாயிறு

கல்யாண ஆப்பில் வந்த வரன். மூன்று வாரம் போனில் பேசி, இன்று ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியில் பார்த்தோம். சென்னையில் ஐ.டி. வேலை. நல்ல சட்டை, நல்ல பேச்சு. பப்ஸ் வந்தது. பாதி தின்பதற்குள் சொல்லிவிட்டார்: "எங்க வீட்ல முதல்ல ஒத்துக்கலைங்க. கடற்கரை ஆளுங்கன்னு தயங்குனாங்க. நான்தான் எடுத்துச் சொன்னேன், பொண்ணு எம்.காம். படிச்சிருக்குன்னு."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தது புரிந்தது. என்ன என்றுதான் உடனே பிடிபடவில்லை. பஸ்ஸில் வரும்போது உச்சிப்புளி தாண்டியதும் உறைத்தது. நன்றி எதிர்பார்த்திருக்கிறார்.

என் காபிக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இன்றைய மூன்று நன்றிக்கும் சேர்த்து அந்த ஒன்றே போதும்.

16 ஏப்ரல், புதன்

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் நகராது. அப்பா காலை எட்டு மணிக்கே திண்ணையில் உட்கார்ந்து, தான் ஏறாத படகின் வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். நிவாரணம் 8,000 ரூபாய். வலைக்கயிறு வாங்கவே கரைந்துவிடும் என்கிறார்.

11 மே, ஞாயிறு

நாளை சித்ரா பௌர்ணமி. நீர் நன்றாக வற்றும் நாட்கள், அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்கள். காலேஜுக்குப் பிறகு இன்றுதான் நானும் கூடப் போனேன்.

போகும் முன் திண்ணையில் உட்கார்ந்து விரல் கட்டுவாள். பழைய சேலைக் கிழிசலைச் சின்னச் சின்ன நாடாவாகக் கிழித்து வைத்திருப்பாள். கட்டை விரல், அடுத்த மூன்று விரல், கணு வரைக்கும் இறுக்கிச் சுற்றி, நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவாள். இடது கை முடிந்ததும் வலது கையை என் பக்கம் நீட்டினாள். அந்த விரல் நுனிகளில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை வைத்தாலும் விழாது, கடைசியில் அப்பா கைதான் வைக்க வேண்டும். நான் கட்டியது மூன்றாவது தடவை முங்கும்போதே அவிழ்ந்துவிட்டது என்று திரும்பி வந்து திட்டினாள்.

இடுப்பில் வலைப்பை, கண்ணில் கண்ணாடி, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. மூச்சை இழுத்து உள்ளே போனால், நான் கரையில் எண்ணிக்கொண்டே நிற்கிறேன், ஐம்பது தாண்டும், அறுபது தாண்டும். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு அந்தப் பக்கம் கை வைப்பது எல்லாமே பயத்தோடுதான். இருந்தாலும் எல்லாருக்கும் ஒரு பெருமை உண்டு. 2015-ல் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு சீகாலஜி விருது கிடைத்தது. பாசியெடுக்கிற பொம்பளைக்கு அமெரிக்காக்காரன் கொடுத்த விருது. "அதுல எனக்கும் ஒரு துண்டு இருக்கு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். லட்சுமி அக்காவும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

14 மே, புதன்

என் வேலையைப் பற்றி எழுதவே இல்லை. நான் பாசி வாங்கும் கம்பெனியின் வாடியில், அதாவது கிடங்கில், கணக்கு. அம்மா மாதிரி பெண்கள் காயவைத்துக் கொண்டுவரும் பாசியை நிறுத்து, சீட்டுப் போட்டு, பணம் எழுத வேண்டும். பச்சைப் பாசி பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். அந்த ஒரு கிலோவிலும் மண், ஈரம் என்று கழிவு பிடிப்போம். எவ்வளவு பிடிப்பது என்பது மேனேஜரின் கண் அளவு. அவர் கண் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

இன்று ஒரு பெரியம்மா சாக்கைத் திறந்து உதறியே காட்டினார். மண் இல்லை. நானும் பார்த்தேன். "போட்டது போட்டதுதான்" என்றார் மேனேஜர். பெரியம்மா போன பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கெல்லாம் நன்றியே கிடையாதும்மா. நாம இல்லைன்னா இந்தப் பாசிய யார் வாங்குவா?" என்றார்.

பாசி இல்லையென்றால் நமக்கு இங்கே என்ன வேலை சார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்பளம் ஏற்கெனவே பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. ராத்திரி நோட்டை விரித்து மூன்று நன்றி எழுதப் பார்த்தேன். முடியவில்லை, மூடிவிட்டேன்.

25 மே, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசனை. எழுதிவிடுகிறேன்.

வாடியில் சோலார் உலர்த்தி ரிப்பேரானபோது பிப்ரவரியில் பார்க்க வந்தவர் ஒருவர். கமுதியில் இருக்கிற பெரிய சோலார் பிளாண்டில் முன்பு வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகச் சர்வீஸ். ஊர் சாயல்குடிப் பக்கம். உலர்த்தி சரியாகிவிட்டது. வாட்ஸ்அப் நிற்கவில்லை.

பாம்பனில் ஒரு பையனோடு டீ குடித்தால் டீ ஆறுவதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். ரோட்டுப் பாலத்தில் நின்றால் போகிற பஸ்ஸெல்லாம் சொந்தக்காரர்கள். அதனால் உத்தரகோசமங்கை. கோயிலுக்குப் போகிறேன் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்பார்கள். இங்கே மட்டும் சாத்துவார்கள். ஒதுக்கிய பூவுக்கும் ஒரு கோயில் இருக்கிறது பார் என்றான். அதை நான் ரசித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

கமுதி பிளாண்ட் 648 மெகாவாட். 2016-ல் ஓட ஆரம்பித்தது. பலகை மட்டும் 25 லட்சமாம். "அத்தனையையும் ரோபோதான் துடைக்கும். எங்க அம்மா அதைக் கேட்டுட்டு, அந்த ரோபோ ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டு வா, பாத்திரம் விளக்கட்டும்னு சொன்னாங்க." அவர்கள் ஊரில் குடம் கணக்கில்தான் தண்ணீர் வாங்குவது. கை கழுவும்போது பார்த்தேன். குழாயை நூல் மாதிரி திறந்து, கழுவி முடித்து, திருகி மூடி, சொட்டுகிறதா என்று குனிந்தும் பார்த்தான். (மேலே "வந்தவர்" என்றுதான் ஆரம்பித்தேன். எங்கே "அவன்" ஆனான் என்று தெரியவில்லை. திருத்தப் போவதில்லை.)

நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே, நேற்று நல்ல நண்டு வந்தது. அம்மா வைத்த குழம்பில் கொஞ்சத்தைத் தூக்குவாளியில் எடுத்துப் போயிருந்தேன், ஆபீஸ் அக்காவுக்கு என்று பொய் சொல்லி. கோயிலுக்கு நண்டுக் குழம்போடு போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மங்களநாதர் மன்னிக்க வேண்டும். வாளியை அப்படியே வாங்கிக்கொண்டு போனான். நன்றி என்றோ தேங்க்ஸ் என்றோ சொல்லவில்லை. "காரமா?" என்று மட்டும் கேட்டான்.

8 ஜூன், ஞாயிறு

"வாளி எங்கடி?"

"அந்த அக்கா லீவுமா."

"ரெண்டு வாரமாவா?"

அது சாதாரண வாளி இல்லை. அம்மாவின் சீர்ப் பாத்திரம். பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்: மு.கா. 1997.

15 ஜூன், ஞாயிறு

நேற்றோடு தடை முடிந்தது. ராத்திரி பனிரெண்டுக்கு மேல் ஜெட்டியில் கண்ணே கூசுகிற வெளிச்சம், ஐஸ் பெட்டி சத்தம், டீசல் வாடை. அப்பா சட்டைப் பையில் மாதா படத்தை வைத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் திண்ணையை அடைத்திருந்த மனிதர் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. அம்மா அதைச் சந்தோஷமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி

சீட்டை இரண்டு பிரதியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். மொத்த எடை, கழிவு, நிகர எடை, மூன்றும் தனித்தனியாக. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று அவர்கள் கைக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கையில் சீட்டு இருந்தால் கழிவு எவ்வளவு என்று நாலு பேர் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, அவ்வளவுதான் என் திட்டம். மூன்றாவது நாளே மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். கார்பன் பேப்பர் செலவாம். "உனக்கு இந்த வேலை கொடுத்ததுக்கு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். மீதி எனக்கே தெரியும்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் மேசை மேல் தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். முரல் கருவாடு. வைத்தது யார் என்று கேட்டேன். எல்லாரும் சாக்கைத் தைத்துக்கொண்டே இருந்தார்கள்.

29 ஜூன், ஞாயிறு

வாளி காட்டிக் கொடுத்துவிட்டது.

அவன் அம்மா விளக்கும்போது பார்த்திருக்கிறார். "மு.கா.ன்னு நம்ம சொந்தத்துல யாருடா?" என்று கேட்டாராம். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவரை நான் பார்க்க வேண்டும். அவன் ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்லத் தெரியாதவன், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஊர், வேலை, ஆளுங்க, எல்லாம். அப்பா இல்லாத வீடு, அம்மா பேச்சுத்தான் முடிவு. அவர் பதிலே சொல்லவில்லையாம். வாளியைத் துடைத்து அடுப்படிப் பரணில் கவிழ்த்துவிட்டார்.

"கவிழ்த்துட்டாங்களா? நிமித்தியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

இங்கேயும் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் நியாயம் இல்லை. அம்மா அடுப்பை அணைத்தாள். "பனங்காட்டு ஆளுங்க. நமக்கும் அவுகளுக்கும் என்னடி பழக்கம்?" பிறகு ராத்திரி வரை பேச்சில்லை. படுக்கும்போது இருட்டில் கேட்டாள்: "குழம்பு நல்லாருந்துச்சாமா?"

12 ஜூலை, சனி

பத்து நாளாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் போடவில்லை. பேக்கரிக்காரர் ஆப்பில் மறுபடி "ஹாய்" அனுப்பியிருக்கிறார். கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசுகிறது, கண்ணில் விழுந்தால் அழுததாகக் கணக்கு வைக்கிறார்கள்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்துக்குப் போகிற வண்டி பாம்பன் பாலத்தில் எறும்பு வரிசை. வாடியில் லீவு. அம்மா வடகடலைப் பார்த்துக்கொண்டு கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு போன். அப்பாவுக்குத் திதி கொடுக்க அக்னி தீர்த்தம் வந்திருக்கிறான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. திரும்பும் வழியில் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் நிற்பார்களாம். ஓடினேன். ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி, மொட்டை வெயில். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் அம்மாதான் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். வெள்ளைச் சேலை, என் அம்மா மாதிரியே காய்ப்புக் காய்த்த கை. ஓலைக் கொட்டான் ஒன்றை நீட்டினார்.

"உங்க அம்மாட்ட குடு. நண்டுக்கு மொளகு கூடிருச்சுன்னு சொல்லு."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டார்கள்.

கொட்டானுக்குள் ஆறு வட்டுக் கருப்பட்டி, ஒட்டாமல் இருக்க நடுநடுவே ஓலைத் துண்டு. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள், ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். கொட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுப் பின்னல், பச்சை வாடை இன்னும் போகவில்லை.

"வாளிய வச்சுக்கிட்டு கொட்டான அனுப்பிருக்கா. வெவரமானவதான். மொளகு கூடிருச்சாமா?"

கருப்பட்டியைப் பானையில் அடுக்கினாள். காலிக் கொட்டானை ஆணியில் மாட்டப் போனவள் நின்றாள். கையில் வைத்துக்கொண்டே கருவாட்டுப் பாய்ப் பக்கம் நடந்தாள்.

"அந்தச் சீலாவ எடு. அது இல்ல, பெருசு. வெறுங் கொட்டானாவா குடுத்து விடுறது?"