மிகத் தாழ்ந்த எண் எது?

மணலியில், எண்ணெய்க் குழாய்கள் துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருள்களைக் கணினியில் ஆராயும் சிறிய குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ஜன்னலைத் திறந்தால் டேங்கர் லாரிகளின் ஹாரன், மூடினால் ஏசியின் இரைச்சல். வெளியில் சொன்னால் பெரிய வேலையாகத் தெரியும், பெரும்பகுதி காத்திருப்பதுதான்.

ஒலியிக் அமிலத்திலிருந்து செய்யப்படும் இமிடசோலின் வகைப் பொருள்கள் இந்தத் தொழிலில் பழையவை. தலைப்பக்கம் இருக்கும் நைட்ரஜன் வளையம் இரும்பைப் பற்றிக்கொள்ளும். நீண்ட கார்பன் வால் நீரை அண்டவிடாது. தலையால் தொல்லை இல்லை. வாலில் உள்ள ஒற்றைப் பிணைப்பு ஒவ்வொன்றும் சுழன்று, ஏறத்தாழ மூன்று நிலைகளில் ஓய்வு கொள்ளும். சுழலும் பிணைப்புகள் 15 என்று வைத்துக்கொண்டால் 1 கோடியே 43 லட்சத்துக்கும் அதிகமான வடிவங்கள். இவற்றில் ஆற்றல் மிகத் தாழ்ந்த வடிவம் எது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம் என்று புதிதாக வரும் பிள்ளைகள் சொல்வார்கள். சில நாட்களில் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

நடக்கவே முடியாத வடிவங்களை முதலிலேயே கழித்துவிடலாம். அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாத கோணங்கள் எவை என்று புரதத்துக்கு 1963-இல் வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஆனால் கழித்த பிறகும் மிஞ்சுவது ஏராளம்.

வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போவது எளிது. அது மழைத் தண்ணீரின் புத்தி. வியாசர்பாடிப் பக்கம் பெய்த மழை கடலைத் தேடிப் போவதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை அகப்பட்டால் அங்கேயே தேங்கிவிடும். பிறகு மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. தேடும் முறைகள் எல்லாம் இந்த மோட்டாரை எப்படி ஓட்டுவது என்பதில்தான் வேறுபடுகின்றன. 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெச்சி மூவரும் முன்வைத்த சிமுலேட்டட் அனீலிங் முறை, கணக்கில் வெப்பத்தை ஏற்றி மெல்லக் குளிரவிடுவது. 1997-இல் டேவிட் வேல்ஸும் ஜோனதன் டாயும் வெளியிட்ட பேசின் ஹாப்பிங்தான் எனக்குப் பிடித்தது. அணுக்களைத் தாறுமாறாக உலுக்கி, கிடைத்த இடத்திலிருந்து அடிமட்டம் வரை இறக்கி, பழைய அடிமட்டத்தையும் புதிய அடிமட்டத்தையும் மட்டும் ஒப்பிடுவது. புதியது சற்று உயரமாக இருந்தாலும் சில வேளைகளில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் மேடுகள் கணக்கிலேயே வராது. புரதத் துண்டுகளுக்கு லீயும் ஷெராகாவும் 1987-இலேயே இதே வழியில் போயிருந்தார்கள்.

புதியவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி 38 அணுக்கள் கொண்ட லென்னார்ட்-ஜோன்ஸ் கொத்து; அணுக்களின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் ஓர் எளிய சூத்திரத்தால் கணக்கிடும் மாதிரி அது. பெரும்பாலான தேடல்கள் இருபது முகக் கட்டமைப்பை ஒட்டிய அகலமான பள்ளத்தில் விழுந்து, முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். உண்மையான தாழ்நிலையோ வேறொரு மூலையில், குறுகிய பள்ளத்தில், முனை வெட்டிய எண்முகியாக இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஜோடி அணுக்களின் பிணைப்பு ஆற்றலில் முக்கால் பங்குகூட இல்லை. ஒரு முறை இதில் ஏமாந்தவர்கள் எந்த விடையையும் எளிதில் நம்பமாட்டார்கள்.

எங்கள் மேலாளருக்கு அந்த அவநம்பிக்கை பிடிக்காது. “இதுதானே மிகத் தாழ்ந்தது?” என்பார். “இதுவரை கிடைத்ததில் தாழ்ந்தது, சார்” என்பேன். முகம் சுளிப்பார். இவ்வளவு பெரிய மூலக்கூறுக்கு இந்த முறைகள் சான்று தருவதில்லை. வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓடவிட்டு, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் துணிந்து கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான்.

தேடல் சரியாக முடிந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்த தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, “என்னம்மா, சுருண்டு கிடக்கிறதே, குழாய்க்குள்ளும் இப்படித்தான் படுத்துக்கொள்ளுமா?” என்று கேட்டார். சரியான கேள்வி. வெற்றிடத்தில் கணக்கிட்டால் வாலின் பகுதிகள் ஒன்றையொன்று ஈர்த்து மடிந்துவிடும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட வெறும் நேர்ச்சங்கிலி ஆல்கேன்களே 17, 18 கார்பன்கள் அளவில் நடுவில் மடிவதை விரும்பத் தொடங்குகின்றன. நீரும் எண்ணெயும் இரும்பும் இருக்கும் இடத்தில் எந்த வடிவம் தாழ்ந்தது என்ற வரிசை மாறும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுக்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றலின் அளவு மோலுக்குச் சுமார் 0.6 கிலோகலோரி. அந்த இடைவெளிக்குள் பல வடிவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கையில், ஒன்றை மட்டும் வெற்றியாளராக அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாழ்நிலைக்கு மேல் 3 கிலோகலோரிக்குள் வரும் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

அறிக்கைப் படிவத்தில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. வாதாடி அதை அட்டவணையாக மாற்றினேன். மேலாளர் முதல் வரியை மட்டும் படிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால் நீரின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிவத்தை முதல் வரியில் வைத்து, வெற்றிடத்தில் சுருண்டு கிடந்ததைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.