"வந்துச்சு" என்றால் யார்? ஒரு ஜூன் மாத நாட்குறிப்பு

9 ஜூன் 2025, திங்கள்

வேலை முடிந்து பைன்டவுனிலிருந்து சாட்ஸ்வர்த் வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இப்போது குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. இந்த இருட்டுக்குப் பொருத்தமாக இன்று ஒரு ஒலிப்புத்தகம் ஆரம்பித்தேன். பதினோரு கதைகள், எல்லாமே மர்மமும் திகிலுமாக, மொத்தம் ஆறரை மணி நேரம்.

முதல் கதை ஒரு தையல்காரரைப் பற்றியது. சின்ன ஊர், ஒரே மெஷின். ஒருத்தர் மாதாமாதம் மனைவியின் அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்து, இதே அளவில் ஒன்று தைத்துக் கொடுங்கள் என்கிறார். நல்ல மனிதர், சொன்ன கூலியைக் கொடுப்பார், வெற்றிலை நீட்டுவார். தையல்காரர் டேப் வைத்துப் பார்க்கிறார். போன மாதத்தைவிட ஒரு அங்குலம் குறைவு. அடுத்த மாதம் இன்னொரு அங்குலம். நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறார், 34, 33, 32... கதை முழுக்க இந்த எண்கள்தான். அந்தப் பெண் ஒரு தடவைகூட வருவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் அவர் ஒரு வெள்ளைத் துணியை மட்டும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "இதுக்கு அளவு வேண்டாம்" என்கிறார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு கேட்டைத் திறக்க இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதையே புத்தகத்தில் படித்திருந்தால் இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டேன். பக்கத்தைத் திருப்பின உடனே என் கண் தானாகவே கடைசி வரிக்கு ஓடிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காது முன்னால் ஓடாது. கதையை வாசிக்கிற அம்மா 33 என்று சொன்னால் நான் 33-லேயே நிற்க வேண்டியதுதான், 32-ஐ அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

11 ஜூன், புதன்

இரண்டாவது, மூன்றாவது கதைகள் சுமார். மூன்றாவதை வாசித்தவர் வேறு ஒருவர், ஏதாவது நடக்கப் போகிறது என்றால் குரலைத் தாழ்த்திவிடுகிறார், பின்னால் வயலினும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது? முதல் கதையை வாசித்த அம்மா மளிகைக் கணக்கு சொல்கிற மாதிரி சொன்னார். முடிவு அவருக்குத் தெரியும், ஆனால் அது குரலில் கொஞ்சமும் கசியவில்லை. திகில் கதை வாசிக்கிறவர்களுக்கு இதுதான் முதல் தகுதி என்று நினைக்கிறேன், கதை கேட்கிற எங்களைவிட ஒரு வரிகூட முன்னால் போகாமல் கூடவே நடப்பது.

வேகத்தை 1.25-ல் வைத்தும் பார்த்தேன். கதை புரிகிறது, ஆனால் நடுவில் விடுகிற மூச்செல்லாம் சுருங்கிப்போகிறது. மறுபடி 1-க்கே வந்துவிட்டேன்.

14 ஜூன், சனி

இன்று சமையலறையில் போனைச் சத்தமாக வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மெதுவாகச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு கிளாக்கோமா. கண்ணின் ஓரங்களில் ஆரம்பித்த மங்கல் இப்போது நடுவரைக்கும் வந்துவிட்டது, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். டிவியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"என்ன கதை அது?" என்று கேட்டார். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து 2011-ல் கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமா இங்கேயே பிறந்தவர், 76 வயது. இவர் தலைமுறை தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும், பதில் பாதி ஆங்கிலத்தில்தான் வரும். பேய்க்கதை, கொலைக்கதை என்று நான் சொன்னதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரைக்கும் எல்லார் வீட்டிலும் ராத்திரி என்றால் ரேடியோ. ஸ்பிரிங்பாக் ரேடியோ 1950-ல் தொடங்கி 1985 கடைசிவரை ஓடியது. அதில் 'தி க்ரீக்கிங் டோர்' என்று ஒரு திகில் தொடர், கீல் துருப்பிடித்த கதவு கிறீச்சிட்டுத் திறக்கிற சத்தத்தோடு ஆரம்பிக்குமாம். மாமா அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். தொடர் முடிந்ததும் வெளியே இருக்கிற கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்து, தம்பியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவாராம். எந்த ராத்திரி எந்தக் கதை என்றுகூட நினைவு வைத்திருக்கிறார். நான் பதினான்கு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை, நானும்தான்.

16 ஜூன், திங்கள்

இளைஞர் தினம், விடுமுறை. மாமாவோடு ஆறாவது கதை கேட்டேன். அவருக்காக இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். கதையைக் கெடுத்துவிட்டேன். எப்படிக் கெட்டது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

ஒரு உப்பளக் காவல்காரர் போலீஸிடம் வாக்குமூலம் கொடுக்கிறார். அவர் சொல்வது இப்படி: "சாயங்காலம் ஆனா வந்துரும் சார். படலுக்கு அந்தப் பக்கம் நிக்கும். தண்ணி கொடுத்தா குடிக்காது, என்னையே பாத்துக்கிட்டு இருக்கும்." கேட்கிறவர்களுக்கு இது ஒரு குழந்தையாக இருக்கலாம். எங்கள் ஊரில் அக்கா வந்துச்சு, அம்மாச்சி சொல்லுச்சு என்று பாசமாகப் பேசுகிற வழக்கமும் உண்டு, அதனால் வயசுப் பெண்ணாகவோ கிழவியாகவோகூட இருக்கலாம். நாயாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். கதை முழுக்க அந்தக் கிழவர் அவன் என்றோ அவள் என்றோ ஒரு தடவைகூடச் சொல்வதில்லை.

நான் என்ன செய்தேன்? ஆங்கிலத்தில் வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே யார் என்று சொல்லியாக வேண்டும். "இட்" என்றால் அந்த நிமிடமே பேய் என்று ஆகிவிடும். அவசரத்தில் "ஷி" என்றேன். மூன்றாவது நிமிடத்திலேயே மாமா, "ஓ, இந்த ஆளு ஒரு பொண்ணைக் கொன்னுட்டான்" என்றார். அதோடு கதை முடிந்துபோனது, மீதி இருபது நிமிடம் சும்மா ஓடியது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. வந்தானா, வந்தாளா, வந்ததா என்பது அதன் வாலில்தான் தெரியும். வந்தானா வரவில்லையா என்பதும் அங்கேதான் தெரியும். படிக்கும்போது மொத்த வாக்கியமும் ஒரே பார்வையில் விழுந்துவிடுவதால் இதை நான் கவனித்ததே இல்லை. காதால் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சின்ன இருட்டு அறை, வாசல் கடைசியில். அந்த வாசிக்கிற அம்மாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வினைக்கு முன்னால்தான் மூச்சு விடுகிறார்.

17 ஜூன், செவ்வாய்

பேசும் புத்தகங்களைப் பற்றி மதிய உணவு நேரத்தில் கொஞ்சம் படித்தேன். பிரிட்டனில் 1935 நவம்பரில் இதைத் தொடங்கியதே முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களை மனதில் வைத்துத்தான். முதலில் கொடுத்த புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் கொலை மர்ம நாவல். ரெக்கார்டின் ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும், ஒரு நாவலுக்குப் பத்து ரெக்கார்டு வரை ஆகுமாம். கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில் பக்கம் முடிந்துபோனால், அந்தச் சிப்பாய் இருட்டில் தடவி எழுந்து, ஊசியைத் தூக்கி, ரெக்கார்டைத் திருப்பிப் போட்டு மறுபடி உட்காருகிறவரை என்னென்ன நினைத்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்ததில் ஒரு கொலைக்கதையும் இருந்திருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

18 ஜூன், புதன்

ஏழாவது கதை நடந்துகொண்டிருக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தடதடவென்று குரங்குகள். உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

20 ஜூன், வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் தெருவில் மட்டும், எங்கோ கேபிள் கோளாறு. என் கணவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, பிள்ளைகள் டியூஷனில். மாமா, "அந்த உப்புக் கதையைத் திரும்பப் போடு, இந்தத் தடவை நீ பேசாத" என்றார்.

முடிவு தெரிந்த கதை ஆயிற்றே என்றேன். நீ சொன்னதுதான் தெரியும், அந்த ஆள் சொன்னது தெரியாது என்றார்.

மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, போனை மேஜை நடுவில் வைத்தேன். 23 நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. உப்புப் பாத்தி, வரப்பு, படல் எல்லாம் அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. "வந்துரும்", "நிக்கும்", "பாத்துக்கிட்டு இருக்கும்" என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் விரல் மேஜை விளிம்பில் லேசாக அழுந்தியது. கடைசியில் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடுகிறார், கிழவர் எழுந்து நிற்கிறார். "அதப் பொதச்ச எடத்தக் காட்டுறேன், வாங்க சார்." அவ்வளவுதான் கதை. அங்கேயும் அது யார் என்று வராது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தமிழிலேயே, நான் இதுவரை அவரிடம் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார். அறுபதுகளில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்படுவதற்கு முன்னால் அவர்கள் மேகசின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தார்கள், அவருடைய அப்பாவுக்கு டர்பன் மாநகராட்சியில் கூலி வேலை. வரிசை வரிசையாக வீடுகள், ஒரே அறையில் எட்டு பேர்.

"எங்க ஆயா ராத்திரியில சொல்லும், அது வருது, வெளிய போகாதன்னு. விளக்கச் சின்னதாக்கிட்டு உக்காந்திருக்கும். நாங்க எல்லாரும் பேசாம இருப்போம். வெளிய நடக்கிற சத்தம் கேக்கும், பூட்ஸ் சத்தம் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். பேயா, போலீஸா, ஓவர்சியரா, ஆயா ஒரு நாளும் சொன்னதில்ல. யாரச் சொல்லுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எட்டரைக்குக் கரண்ட் வந்தது. ட்யூப் லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அத அணைச்சிட்டு வா" என்றார், "அடுத்ததப் போடு."