தக்கைப்பூண்டில் தொடங்கி கொழுஞ்சியில் நின்ற கதை

நத்தம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். கீழே ஒரு ஏக்கர் களிமண் வயல். மேலே இரண்டு ஏக்கர் செம்மண் சரளை, மானாவாரி மாந்தோப்பு. மரங்களுக்கு நடுவே மண் மொட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மேல்மண் கரைந்து வயலுக்கு இறங்கிவிடும். அதை நிறுத்தத்தான் மூடுபயிர் தேட ஆரம்பித்தேன்.

யாரைக் கேட்டாலும் தக்கைப்பூண்டு என்றார்கள், வளர்ந்ததும் மடக்கி உழுது மண்ணுக்கே உரமாக்குகிற பசுந்தாள் பயிர். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் 60 கிலோ வாங்கி, கோடை மழையில் மேலும் கீழும் தூவினேன். கீழ்வயலில் 45 நாளில் இடுப்பளவு நின்றது. செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு; காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மேலே முழங்கால்கூட எட்டவில்லை. தண்ணீர் தேங்கினாலும் உவர் மண்ணானாலும் தாங்குகிற பயிர் அது. சரளைக்காட்டில் அதைப் போட்டது என் தப்பு.

அடுத்த வருஷம் தோப்புக்குச் சணப்பு. விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கியது பழைய விதை, பாதிகூட முளைக்கவில்லை. (இப்போதெல்லாம் 100 விதையை ஈரச்சாக்கில் மடித்து வைத்து எண்ணிப் பார்க்காமல் எதையும் விதைப்பதில்லை.) முளைத்ததையும் பூக்கும்போதே மடக்கி உழுதிருக்க வேண்டும். டிராக்டர் கிடைக்காமல் 80 நாள் ஓடிவிட்டது. தண்டு முற்றி நாராகி ரொட்டாவேட்டரில் சுற்றிக்கொண்டது. "அண்ணே, உழவா, கயிறு திரிக்கவா?" என்று கேட்டுவிட்டு டிரைவர் அரிவாளோடு உட்கார்ந்து அறுத்தார்.

அப்புறம் இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் சொல்லிவந்த பலதானிய விதைப்பு. சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு எல்லாம் கலந்து தூவினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வேலி இல்லாத தோப்பு; ஒரு மத்தியானத்தில் ஊர் ஆடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டன.

அன்று வரப்போரம் ஒரு திட்டு மட்டும் பச்சையாக நின்றது. கொழுஞ்சி. "அதை ஆடு மோந்துகூடப் பார்க்காது. நாங்க வயலுக்குத் தழையாச் சுமந்தது அதைத்தானடா" என்றார் பெரியம்மா. நான் அதுவரை அதைக் களை என்று வெட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் விதை சேர்த்தோம். காய் முற்றினால் வெடித்து முறுக்கிக்கொள்ளும். அதனால் பனி காய்வதற்குள் பறித்து, சாக்கில் உலர்த்தித் தட்டிப் புடைக்க வேண்டும். பத்து நாள் காலை வேலையில் தேறியது மூன்று கிலோதான், அரை ஏக்கருக்குப் போதும். சோதனைக்குப் போட்ட ஒரு பிடி இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை. விதைத்தோல் அவ்வளவு கெட்டி. ஆற்று மணல் சேர்த்து உரலில் பளபளப்பு போகும்வரை தேய்த்த பிறகுதான் முளை கண்டது.

முதல் வருஷம் கணுக்காலுக்கு மேல் வளரவில்லை, எனக்கே சலிப்பாகிவிட்டது. உழாமல் அப்படியே விட்டேன். காய் வெடித்துச் சிதறியதில் அடுத்த மழைக்குத் தானாக முளைத்து இரண்டு மடங்கு பரவியது. போன ஐப்பசியில் கொழுஞ்சி நின்ற பக்கத்து வாய்க்கால் தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது, மற்ற பக்கம் வழக்கம்போல் செங்காவி.

கீழ்வயலுக்கு இன்றும் தக்கைப்பூண்டுதான். மாமர நிழலில் மட்டும் கொழுஞ்சி ஏற மறுக்கிறது. அங்கே இந்தத் தடவை கொள்ளு தூவியிருக்கிறேன். ஆடு வராமல் பெரியம்மா காவல்.